மங்கலான கேலக்ஸிகளில் விண்மீன்கள் எப்படிப் பிறக்கின்றன? தருமபுரி, கிருஷ்ணகிரி வானம் பார்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அரூர் பக்கம் சித்தேரி மலையிலும், அஞ்செட்டி போகும் வழியிலும், வத்தல்மலை மேலும் நிலா இல்லாத இரவுகளில் பள்ளிப் பிள்ளைகளோடு வானம் பார்க்கப் போவது என் வழக்கம். வியாழனையும் சனியையும் காட்டி முடித்தபின், கேலக்ஸி என்கிற விண்மீன் திரளைப் பற்றிப் பேச்சு வரும். அங்கிருந்து நான் பல வருடங்களாக ஆசையோடு படித்து வரும் விஷயத்துக்கு எப்படியாவது வந்து சேர்ந்துவிடுவேன்: கண்ணுக்கும் கேமராவுக்கும் எளிதில் சிக்காத மங்கலான கேலக்ஸிகள். பிள்ளைகளும் அவர்களோடு வரும் பெற்றோரும் கேட்ட கேள்விகளில் மறுபடி மறுபடி வந்தவற்றை இங்கே சேர்த்து, பதிலும் எழுதியிருக்கிறேன்.

மங்கலான கேலக்ஸி என்றால் தூரத்தில் இருக்கும் கேலக்ஸியா?

இல்லை. எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு படி ராகியை முறத்தில் கொட்டினால் குவியலாக நிற்கும். அதே ஒரு படியைக் களம் முழுக்கப் பரப்பினால் ராகி இருப்பதே தெரியாது, தரைதான் தெரியும். ராகி குறையவில்லை, பரந்துவிட்டது. கேலக்ஸியின் ஒளியும் அப்படித்தான். மொத்தம் எவ்வளவு ஒளி என்பது ஒன்று. வானத்தில் ஒரு சிறு சதுரத்துக்கு எவ்வளவு ஒளி விழுகிறது என்பது வேறொன்று. இந்த இரண்டாவதைத்தான் பரப்பொளிர்மை என்கிறோம். நாம் பேசப்போவது பரப்பொளிர்மை குறைந்த கேலக்ஸிகளைப் பற்றி.

இதில் வியப்பான ஒரு சங்கதி உண்டு. நம் அண்டைப் பகுதியில் பரப்பொளிர்மை தூரத்தைப் பொறுத்து மாறுவதில்லை. கேலக்ஸியை இருமடங்கு தூரம் தள்ளி வைத்தால் நமக்கு வரும் ஒளி கால்பங்காகும், ஆனால் வானத்தில் அது அடைக்கும் பரப்பும் கால்பங்காகும். ஆக ஒரு சதுரத்துக்கு விழும் ஒளி அப்படியே இருக்கும். மங்கலான கேலக்ஸியைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாலும் அது மங்கல்தான், பெரிய மங்கல்.

எவ்வளவு மங்கல்?

வானியலில் ஒளியை அளக்கும் எண், பெரிதாகப் பெரிதாக மங்கலைக் குறிக்கும். 5 எண் கூடினால் ஒளி 100 மடங்கு குறைந்தது என்று பொருள். மாசில்லாத கும்மிருட்டு வானமே ஒரு சதுர வில்விநாடிக்கு (வில்விநாடி என்பது ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு) சுமார் 22 என்ற அளவில் மினுங்குகிறது. காற்று மண்டலத்தின் மெல்லிய ஒளிர்வும், சூரியனைச் சுற்றியுள்ள தூசியில் பட்டுச் சிதறும் ஒளியும் அதற்குக் காரணம். தட்டு போலத் தட்டையாகச் சுழலும் ஒரு தட்டுக் கேலக்ஸியின் நடுப்பகுதி நீல ஒளியில் ஏறத்தாழ 23-ஐவிட மங்கினால் அதைப் பரப்பொளிர்மை குறைந்தது என்று வகைப்படுத்துவது வழக்கம். இந்த வகையின் பெரும்புள்ளியான மாலின் 1 என்ற கேலக்ஸி இன்னும் மோசம். அதன் பரந்த தட்டின் ஒளி, அதற்கு முன்னால் இருக்கும் இருண்ட வானத்தின் ஒளியில் சில சதவீதம்தான். வானம் என்கிற வெளிச்சத் திரைக்குப் பின்னால் அதைவிட மங்கலான ஒன்றைத் தேடுகிற வேலை இது.

இப்படிப்பட்டவை இருப்பதை யார் கண்டுபிடித்தது?

1970-ல் ஆஸ்திரேலிய வானியலாளர் கென் ஃப்ரீமன் 36 கேலக்ஸிகளின் தட்டுகளை ஆராய்ந்தார். அவற்றில் 28-ன் மையப் பரப்பொளிர்மை ஏறக்குறைய ஒரே எண்ணாக, 21.65-ஆக வந்தது. இயற்கை ஏன் எல்லாத் தட்டுகளையும் ஒரே ஒளியில் வார்த்தெடுத்தது? இதற்குப் பலர் பல விளக்கம் தேடினார்கள். 1976-ல் மைக் டிஸ்னி வேறொரு கோணத்தைச் சொன்னார். ரொம்ப மங்கலானவை வானத்தின் ஒளியில் மூழ்கிப்போகும், ரொம்பக் கெட்டியானவை விண்மீன் போலப் புள்ளியாகத் தெரிந்து தப்பிவிடும்; நடுத்தரமானவை மட்டும்தான் நம் பட்டியலில் ஏறுகின்றன, அதனால்தான் எல்லாம் ஒரே மாதிரி தெரிகின்றன என்றார்.

இந்த வாதத்தை நான் முதன்முதலில் படித்தபோது எழுந்து நடந்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். பெரிய கண்ணி வலையை ஏரியில் வீசிவிட்டு, இந்த ஏரியில் சின்ன மீனே இல்லை என்று சொன்ன கதைதானே அது!

பத்தாண்டு கழித்துச் சாட்சி கிடைத்தது. டேவிட் மாலின் என்பவர் ஒளிப்படத் தகடுகளில் மறைந்திருக்கும் மெல்லிய ஒளியை மேலே கொண்டுவரும் உத்திகளில் கைதேர்ந்தவர். அவர் உத்தியின் உதவியோடு கிரெக் பாதன், கிறிஸ் இம்பி ஆகியோர் கன்னி எனும் கேலக்ஸித் தொகுதிப் பக்கம் மங்கலான கேலக்ஸிகளைத் தேடினார்கள். அதில் சிக்கிய ஒன்று, கன்னித் தொகுதிக்கு வெகு தூரம் பின்னால், சுமார் 120 கோடி ஒளியாண்டு தொலைவில் இருப்பது தெரிந்தது. அத்தனை தூரத்தில் இருந்தும் அந்த அளவில் தெரிகிறதென்றால் அது ராட்சதனாகத்தான் இருக்க வேண்டும். 1987-ல் வெளியான அந்தக் கண்டுபிடிப்புதான் மாலின் 1. குறுக்களவு சுமார் 6.5 லட்சம் ஒளியாண்டு. நாம் இருக்கும் கேலக்ஸியான பால்வழியின் ஒளிரும் தட்டு ஏறத்தாழ 1 லட்சம் ஒளியாண்டுதான்.

அங்கே விண்மீன் செய்வதற்கு வாயு இல்லாமல் போய்விட்டதா?

கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்பேன். வாயு தாராளமாக இருக்கிறது. மாலின் 1-ல் உள்ள ஹைட்ரஜன் வாயு மட்டும் சூரியனைப் போல 5,000 கோடி மடங்குக்குக் குறையாது. பால்வழியில் உள்ளதைவிடப் பல மடங்கு. மாலின் 1 மட்டுமல்ல, இந்த வகைத் தட்டுக் கேலக்ஸிகளில் பெரும்பாலானவை, தங்கள் விண்மீன்களின் எடையோடு ஒப்பிட்டால் வாயு வளம் மிக்கவை.

நடுநிலை ஹைட்ரஜன் 21 சென்டிமீட்டர் அலைநீளத்தில், அதாவது 1420 மெகாஹெர்ட்ஸில், ரேடியோ அலையை விடும். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் ரேடியோத் தொலைநோக்கி 'இங்கே இவ்வளவு வாயு இருக்கிறது' என்று சொல்லிவிடும். நம் நாட்டில் புனே அருகே நாராயண்காவ் பக்கம் இருக்கும் ஜி.எம்.ஆர்.டி. ரேடியோத் தொலைநோக்கி இதற்கு ஏற்றது: தலா 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்கள். பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் மௌசுமி தாஸ் போன்ற நம் ஆய்வாளர்கள் இந்த மங்கல் ராட்சதர்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். ஓசூரிலிருந்து ஒரு பஸ் ஏறினால் எட்டுகிற ஊரில் இந்த வேலை நடக்கிறது என்பதைப் பிள்ளைகளிடம் நான் தவறாமல் சொல்வேன்.

வாயு இருந்தும் ஏன் விண்மீன் பிறப்பதில்லை?

பிறக்கிறது, ஆனால் ரொம்ப மெதுவாக. காரணம் புரிய நம் மானாவாரிக் காட்டையே பார்க்கலாம்.

மொத்த மழையளவு போதுமானதாக இருந்தாலும், தினம் தினம் தூறலாகத் தெளித்துவிட்டுப் போனால் விதைக்க முடியுமா? பெரியவர்கள் மழை விட்டதும் மண்ணைத் தோண்டி ஈரம் எத்தனை விரல் இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். ஓர் உழவு மழையாவது பெய்து, ஈரம் ஓர் ஆழத்துக்கு இறங்கி, மண்ணுக்குப் பதம் வந்தால்தான் ஏர் பூட்டுவார்கள். அதற்குக் கீழே எவ்வளவு தூறினாலும் அந்தக் காட்டில் விதைப்பு இல்லை.

விண்மீன் பிறப்புக்கும் இப்படி ஒரு பதம் உண்டு. ஹைட்ரஜன் அணுக்கள் நெருங்கி, குளிர்ந்து, இரண்டிரண்டாகச் சேர்ந்து மூலக்கூறாக மாறி, பூஜ்யத்துக்கு 250 டிகிரிக்கும் கீழே உறைந்த இருண்ட மேகங்களாகத் திரள வேண்டும். அப்போதுதான் ஈர்ப்பு விசை, வாயுவின் வெப்ப அழுத்தத்தையும் சுழற்சியையும் மீறி அந்த மேகத்தை உள்ளே இழுத்து நொறுக்கும். சாதாரண சுருள் கேலக்ஸிகளில் ஒரு சதுர பார்செக்குக்கு (ஒரு பார்செக் என்பது சுமார் 3.26 ஒளியாண்டு) ஏறத்தாழ 10 சூரிய எடை வாயு சேர்ந்ததும் அது அணு நிலையை விட்டு மூலக்கூறாகத் தொடங்குகிறது. மங்கலான கேலக்ஸிகளின் தட்டுகளில் பெரும்பாலான இடங்களில் வாயு அந்த அளவில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. நிறைய இருக்கிறது, எங்கும் கூடவில்லை.

மார்ட்டன் ஷ்மிட் 1959-ல் தொடங்கி வைத்து, ராபர்ட் கென்னிகட் 1998-ல் செம்மைப்படுத்திய ஒரு விதி இதற்குக் கணக்குத் தருகிறது. வாயுவின் பரப்படர்த்தியின் (ஒரு சதுரப் பரப்பில் எவ்வளவு வாயு என்பதன்) 1.4 அடுக்குக்கு ஏற்ப விண்மீன் பிறப்பு வேகம் ஏறி இறங்குகிறது. அப்படியானால் வாயு பத்தில் ஒரு பங்காக மெலிந்தால் பிறப்பு வேகம் பத்தில் ஒன்றாக அல்ல, ஏறக்குறைய 25-ல் ஒன்றாக விழும். மங்கலான கேலக்ஸிகள் பல நேரம் இந்தக் கணக்கு சொல்வதைவிடவும் கீழே நிற்கின்றன. பதத்துக்குக் கீழே போய்விட்ட காடு அது.

அடர்த்தி குறைவு ஒன்றுதான் காரணமா?

அதுதான் வேர். ஆனால் கிளையாக இன்னும் சில உண்டு, அவை ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன.

தூசியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் வெட்டவெளியில் மோதி மூலக்கூறாவது அரிது. தூசித் துகளின் மேல் ஒட்டிக்கொண்டு, அங்கே ஊர்ந்து, சந்தித்து, சேர்வதுதான் சுலபமான வழி. அந்தத் தூசி கார்பன், சிலிக்கான், இரும்பு போன்ற கனத்த தனிமங்களால் ஆனது. ஹீலியத்தைவிடக் கனத்த எல்லாவற்றையும் வானியலாளர்கள் 'உலோகம்' என்றே சொல்வார்கள். கேட்டால் வேதியியல் ஆசிரியர்கள் கோபிப்பார்கள், ஆனால் அது வழக்கமாகிவிட்டது. இந்த உலோகங்கள் முந்தைய தலைமுறை விண்மீன்களின் வயிற்றில் வெந்து வெளியே வந்தவை. முந்தைய தலைமுறையே குறைவு என்றால் உலோகம் குறைவு, உலோகம் குறைந்தால் தூசி குறைவு, தூசி குறைந்தால் மூலக்கூறு குறைவு, அடுத்த தலைமுறை விண்மீனும் குறைவு. மங்கலான தட்டுக் கேலக்ஸிகளில் உலோக அளவு பொதுவாகச் சூரியனில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் கீழோதான்.

தூசிக்கு இன்னொரு வேலையும் உண்டு, நிழல் தருவது. புற ஊதா ஒளி பட்டால் மூலக்கூறு உடையும். தூசிப் பந்தல் இல்லாத மேகத்தில் அந்த ஒளி நேராக உள்ளே இறங்குகிறது.

அப்புறம், சுருள் கைகள். பால்வழி போன்ற கேலக்ஸிகளில் சுருள் கைகள் வாயுவை நெரித்துக் குவிக்கும். கைகள் வலுவாக எழுவதற்குத் தட்டு கனமாக இருக்க வேண்டும். மங்கலான கேலக்ஸிகளில் விண்மீனும் வாயுவும் சேர்ந்த தட்டு இலேசானது. அதைச் சுற்றியுள்ள கரும்பொருளின், அதாவது ஒளி விடாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் பொருளின், ஈர்ப்புதான் ஆட்சி செய்கிறது. அதனால் கைகள் மெல்லியதாக, துண்டு துண்டாக இருக்கும். அருகில் வேறு கேலக்ஸிகளும் குறைவு. உரசிப் போகும் அண்டை வீட்டார் இருந்தால் வாயு கலங்கி உள்ளே சரிந்து கூடியிருக்கும். இவை ஒதுக்குப்புறத்தில் அமைதியாக இருந்துவிட்டன.

ஆரம்பத்திலேயே ஏன் இப்படிப் பரந்துபோனது?

பலரும் ஏற்கும் விளக்கம் சுழற்சி. கேலக்ஸியைப் பிறப்பித்த கரும்பொருள் கூட்டுக்குக் கோண உந்தம், அதாவது சுழற்சியின் வலு, அதிகமாக இருந்தால், உள்ளே விழும் வாயு மையத்துக்குப் போய்ச் சேர முடியாமல் வெளியிலேயே பரந்து நின்றுவிடும். ராட்டினம் வேகமாகச் சுற்றும்போது தொட்டில்கள் வெளியே விரிவதைப் பார்த்திருப்பீர்கள்.

மாலின் 1 போன்ற ராட்சதர்களுக்கு இது மட்டும் போதாது. வேறு கேலக்ஸிகளோடு நடந்த மோதலும் இணைப்பும், வெளியிலிருந்து பின்னால் வந்து சேர்ந்த வாயுவும் சேர்ந்து அந்தப் பெருந்தட்டை வளர்த்திருக்கலாம் என்று கணினி உருவகங்கள் காட்டுகின்றன. இதற்கு ஆதரவான நல்ல உதாரணம் யு.ஜி.சி. 1382. சுமார் 25 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள இதை வெகுகாலம் ஒரு சாதாரண நீள்வட்டக் கேலக்ஸி என்றே நினைத்திருந்தார்கள். புற ஊதாப் படத்தில் பார்த்தபோது அதைச் சுற்றிப் பெரிய மங்கலான சுருள் தட்டு தெரிந்தது. குறுக்களவு ஏறத்தாழ 7.18 லட்சம் ஒளியாண்டு என்று 2016-ல் அறிவித்தார்கள். அதைவிட விசித்திரம், அதன் நடுப்பகுதி வெளித்தட்டைவிட வயதில் இளையது. வழக்கமாக உள்ளே பழசும் வெளியே புதுசுமாகத்தான் இருக்கும். தனித்தனியாகப் பிறந்த பாகங்களைப் பின்னால் ஒட்டவைத்தது போலிருக்கிறது.

விண்மீன் பிறக்கிறது என்பதை இவ்வளவு மங்கலில் எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?

பிள்ளைத்தாய்ச்சி வீட்டை ஊர் எப்படிக் கண்டுகொள்கிறதோ அப்படி, அடையாளங்களை வைத்து.

பெரிய எடையுள்ள விண்மீன்கள் நீலமாக, உக்கிரமாக எரிந்து சீக்கிரம் முடிந்துபோகும். சில பத்து லட்சம் ஆண்டு முதல் சில கோடி ஆண்டு வரைதான் ஆயுள். அவை உயிரோடு தெரிந்தாலே, பிறந்து ரொம்ப நாளாகவில்லை என்று பொருள். அவற்றின் புற ஊதா ஒளி ஓர் அடையாளம். அந்த ஒளி சுற்றியுள்ள ஹைட்ரஜனைச் சிவப்பாக மினுங்க வைக்கும். ஹைட்ரஜன் ஆல்ஃபா எனும் அந்தச் சிவப்புக் கோடு இரண்டாவது அடையாளம். புற ஊதா ஏறக்குறைய கடந்த 10 கோடி ஆண்டுக் கதையைச் சொல்லும், சிவப்புக் கோடு கடந்த 1 கோடி ஆண்டுக் கதையை மட்டும் சொல்லும். மங்கலான கேலக்ஸிகளில் பல இடங்களில் முதலாவது இருக்கும், இரண்டாவது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். ஒரு மூலையில் கொஞ்சம் பிறக்கும், அடங்கும், வேறொரு மூலையில் தொடங்கும்.

புற ஊதாவைத் தரையிலிருந்து பார்க்க முடியாது, காற்று மண்டலம் விழுங்கிவிடும். 2003-ல் ஏவப்பட்ட கேலக்ஸ் விண்கலம் இந்தத் துறையின் கண்ணைத் திறந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒன்றுமில்லை என்று விட்ட வெளித்தட்டுகளில் புற ஊதாவில் நீலப் புள்ளிகள் தெரிந்தன. மாலின் 1-ன் பெருந்தட்டும் அதில் தெரிந்தது. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நம் ஆஸ்ட்ரோசாட்டில் உள்ள புற ஊதாத் தொலைநோக்கி, கேலக்ஸைவிட மூன்று மடங்குக்கும் மேல் கூர்மையானது. தொலைக்கேலக்ஸிகளில் பிறப்பிடங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க அது உதவுகிறது.

மூலக்கூறு ஹைட்ரஜன்தான் பிடிபடாத ஆள். குளிர்ந்த நிலையில் அது ஏறக்குறைய எந்த ஒளியும் விடுவதில்லை. அதோடு கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடைத் தேடி, அதை வைத்துக் கணக்கிடுவார்கள். உலோகம் குறைந்த கேலக்ஸியில் கார்பனும் ஆக்ஸிஜனும் குறைவு என்பதால் இந்தத் துப்பும் மெலிந்துபோகும். மாலின் 1-ல் பல முயற்சிகளுக்கு அகப்படாமல் இருந்த கார்பன் மோனாக்சைடு, சிலியில் உள்ள ஆல்மா தொலைநோக்கி வழியாக 2024-ல்தான் அதன் நடுப்பகுதியில் பிடிபட்டது. கண்டுபிடித்து முப்பத்தேழு வருடம் கழித்து!

மெதுவாகப் பிறக்கிறது என்றால் அந்தக் கேலக்ஸிகள் வயதாகிச் சிவந்திருக்க வேண்டுமே?

நல்ல கேள்வி. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வத்தல்மலையில் கேட்டது. விண்மீன் பிறப்பு நின்றுபோன கேலக்ஸிகள் சிவப்பாக இருக்கும் என்று அன்றுதான் சொல்லியிருந்தேன், அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

இவற்றில் பெரும்பாலானவை நீலம். சிவப்பு முதியவர்கள் கூட்டம் ஆரம்பத்திலிருந்தே சிறிது என்பதால், இன்றைக்குப் பிறக்கும் சில இளைய விண்மீன்களே மொத்த நிறத்தையும் தீர்மானித்துவிடுகின்றன. உலோகம் குறைந்த விண்மீன்கள் இயல்பிலேயே கொஞ்சம் நீலமாக எரியும் என்பதும் சேர்ந்துகொள்கிறது. சிவப்பான மங்கல் கேலக்ஸிகளும் உண்டு, ஆனால் நீலமே பொது வழக்கு. இவை வாழ்ந்து ஓய்ந்தவை இல்லை, கையிருப்பை மெல்ல மெல்லச் செலவழிப்பவை. இன்றைய வேகத்தில் போனால் பலவற்றுக்குக் கையில் உள்ள வாயு தீர, பிரபஞ்சத்தின் 1,380 கோடி ஆண்டு வயதைவிட அதிக காலம் ஆகும்.

எல்லாம் ராட்சதர்கள்தானா?

ராட்சதர்கள் அரிது. பெரும் எண்ணிக்கையில் இருப்பவை குள்ளக் கேலக்ஸிகள். எனக்குப் பிடித்தது சிம்ம ராசிப் பக்கம், சுமார் 53 லட்சம் ஒளியாண்டில் உள்ள லியோ பி. இதைக் கண்ணால் அல்ல, ஹைட்ரஜன் ரேடியோ அலையால் முதலில் கண்டார்கள், 2013-ல் வெளியானது. உலோகம் சூரியனில் உள்ளதில் சுமார் 3 சதவீதம்தான். அந்தக் கேலக்ஸி முழுவதிலும் பெரிய விண்மீன் ஒளியூட்டும் மினுங்கு மேகம் ஒன்றே ஒன்று. ஒரு முழுக் கேலக்ஸிக்கும் ஒற்றை விளக்கு! பிரபஞ்சத்தின் தொடக்க காலத்தில், உலோகம் அநேகமாக இல்லாத வாயுவில் விண்மீன்கள் எப்படிப் பிறந்திருக்கும் என்று அறிய, பக்கத்திலேயே கிடைத்த பரிசோதனைச் சாலை அது.

2015-ல் டிராகன்ஃபிளை என்ற கருவி, கோமா கேலக்ஸித் தொகுதியில் 47 அதிபரவல் கேலக்ஸிகளைக் கண்டது. பால்வழி அளவுக்குப் பரந்தவை, விண்மீனோ நூறில் ஒரு பங்கு அளவில். ஆனால் தொகுதிக்குள் இருக்கும் இவற்றில் பெரும்பாலும் வாயு உருவப்பட்டு, பிறப்பு நின்றுவிட்டது. இவற்றையும் மேலே சொன்ன வாயு வளம் மிக்க தட்டுகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தக் கருவி, கடையில் விற்கும் 400 மில்லிமீட்டர் டெலிபோட்டோ லென்ஸ்களை வரிசையாகக் கட்டிச் செய்தது. உள்ளே ஒளி சிதறாத லென்ஸ் என்பதால் மங்கலைப் பிடிப்பதில் பெரிய கண்ணாடிகளையே மிஞ்சியது.

நான் ஒரு பெரிய தொலைநோக்கி வாங்கினால் இங்கிருந்து பார்க்கலாமா?

மாலின் 1-ஐக் கண்ணால் பார்க்க முடியாது. தொலைநோக்கி ஒரு பொருளைப் பெரிதாக்கும், ஆனால் பரந்த பொருளின் பரப்பொளிர்மையை வெறுங்கண்ணுக்குத் தெரிவதற்கு மேல் உயர்த்தாது. காவலூரில் உள்ள 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி வழியாகக் கண் வைத்துப் பார்த்தாலும் விதி அதேதான். நீண்ட நேரம் ஒளியைச் சேகரித்து, வானத்தின் ஒளியைக் கவனமாகக் கழித்து எடுக்கும் படத்தில்தான் அது வெளிவரும். காவலூர், ஊத்தங்கரைப் பக்கத்தவர்களுக்கு அடுத்த மாவட்டமான திருப்பத்தூரில், ஜவ்வாது மலையில் இருக்கிறது. 1977-ல் யுரேனஸ் கோளின் வளையங்கள் வெளிப்பட்ட நிகழ்வைப் பதிவு செய்த இடங்களில் ஒன்று. ஒருமுறையாவது போய் வாருங்கள்.

பரப்பொளிர்மை என்றால் என்ன என்பதைக் கண்ணால் உணர ஒரு வழி இருக்கிறது. மார்கழி தொடங்கும்போது இரவு 7.30 மணிவாக்கில் உச்சிக்குச் சுமார் 30 டிகிரி வடக்கே ஆண்ட்ரமீடா கேலக்ஸியையும், உச்சிக்கு இன்னும் நெருக்கமாக மெஸ்ஸியே 33 என்ற கேலக்ஸியையும் 10x50 பைனாகுலரில் தேடுங்கள். இரண்டாவதன் மொத்த ஒளி எண் 5.7, அந்த அளவுள்ள ஒரு விண்மீனை நல்ல இருட்டில் வெறுங்கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஆனால் அதன் ஒளி நிலாவைவிட அகலமான பரப்பில் இறைந்து கிடப்பதால், ஊர் வெளிச்சத்தில் பைனாகுலரிலும் காணாமல் போய்விடும். சித்தேரியில் நேராக உற்றுப் பார்க்காமல், கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்தபோது ஒரு சாம்பல் பூச்சு போல எழுந்தது. அதே பைனாகுலரை எடுத்துக்கொண்டு மறுநாள் தருமபுரி நகரத்து மொட்டை மாடியில் ஏறினேன், ஒன்றுமில்லை. அது பரப்பொளிர்மை குறைந்த வகையில் சேராத சாதாரண கேலக்ஸி. அதற்கே இந்த நிலை.

நம் பக்கத்து வானம் இன்னும் இருட்டாக இருக்கிறதா?

இடத்தைப் பொறுத்தது. கிருஷ்ணகிரியிலிருந்து வடமேற்கே பார்த்தால் ஓசூர், பெங்களூரு வெளிச்சம் அடிவானத்தில் விடியல் போலப் பரவி நிற்கிறது. நெடுஞ்சாலையோரம் முழுக்க உயரக் கம்ப விளக்குகள். சித்தேரி, மேலகிரி மலைப் பக்கங்களில் இன்னும் நல்ல இருட்டு மிச்சம் இருக்கிறது. தெருவிளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டு ஒளியைத் தரைக்குத் திருப்பினால் வீதிக்கும் வெளிச்சம் கூடும், வானமும் தப்பும். எங்கள் தெருவில் ஒரு விளக்குக்கு நாங்களே தகரம் வளைத்துப் போட்டோம், யாரும் குறை சொல்லவில்லை. பெங்களூரு அருகே ஓஸ்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு லடாக்கின் ஹான்லேயில் உள்ள 2 மீட்டர் தொலைநோக்கியை இயக்குகிறார்கள். அந்த இருட்டைக் காக்கவே 2022-ல் ஹான்லே பகுதியை இருள்வானக் காப்பகமாக அறிவித்தார்கள்.

பிள்ளைகள் இதில் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், போனும் நெட்டும் போதும். 'லெகசி சர்வே' என்ற வானப் படத் தொகுப்பு எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. அதில் மாலின் 1 என்று தேடிப் போய், படத்தை மெல்ல விலக்கிப் பாருங்கள். நடுவில் ஒரு சிறு மஞ்சள் பொட்டு தெரியும். அதைச் சுற்றி மூச்சு விட்டால் கலைந்துவிடும் போல மெல்லிய கைகள். அதே இடத்தின் கேலக்ஸ் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிலியில் 8.4 மீட்டர் கண்ணாடியுள்ள வேரா ரூபின் ஆய்வகம் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டது. பத்தாண்டு முழுக்க ஒரே வானத்தைத் திரும்பத் திரும்ப எடுத்து அடுக்கப்போகிறது; மங்கலானவற்றுக்கு அதைவிட நல்ல காலம் வாய்க்காது. அந்தப் படங்களைப் பார்த்துப் பிரிக்க எத்தனை கண் இருந்தாலும் போதாது.

மாலின் 1 வானத்தில் எங்கே இருக்கிறது? கைகாட்ட முடியுமா?

கோமா பெரனிசஸ் விண்மீன் கூட்டத்தில், வான நடுவரைக்கு வடக்கே 14 டிகிரி 20 நிமிடத்தில். தருமபுரி பூமியில் ஏறக்குறைய 12 டிகிரி வடக்கில் இருக்கிறது, கிருஷ்ணகிரி பன்னிரண்டரை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அது நம் தலைக்கு நேர் மேலே, உச்சியிலிருந்து இரண்டு டிகிரி வடக்கே தள்ளிப் போகிறது. நீட்டிய கையில் இரண்டு சுண்டுவிரல் அகலம். பங்குனி, சித்திரையில், புளி உலுக்கி முடித்துக் களத்தில் படுத்திருக்கும் நாட்களில், மார்ச் கடைசியில் நள்ளிரவை ஒட்டியும் ஏப்ரல் கடைசியில் பத்து மணியைத் தாண்டியும் அது உச்சிக்கு வரும். அந்த நேரத்தில் மல்லாந்து படுத்து நேர் மேலே விரலை நீட்டி, கொஞ்சம் வடக்கே நகர்த்துங்கள். அங்கேதான்.